கைராசிக்காரியின் கையுறை

அரிப்பு ஆரம்பித்துவிட்டது. இடது கைப் பெருவிரலில், நகத்துக்கு அடியில், சொறிந்தாலும் எட்டாத இடத்தில். இப்போதுதான் நகம் தேய்க்கிற டிரில்லைக் கையில் எடுத்திருக்கிறாள், முதல் நகம்கூட முடியவில்லை, அதற்குள் வந்துவிட்டதே சனியன் என்று கோகிலவாணி மனசுக்குள் திட்டினாள். திட்டியதை முகத்துக்கு வரவிடாமல், எதிரே உட்கார்ந்திருந்த சம்யுக்தாவின் சுண்டுவிரலை மெத்தைமேல் இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். நகங்களுக்குக் கனம் கொடுக்க மேலே போட்டிருக்கிற பழைய பில்டர் ஜெல்லைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். பத்து விரலும் முடிகிறவரை சும்மா இரு, அதற்கப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று தன் பெருவிரலிடம் கெஞ்சினாள். கெஞ்சினால் கேட்கிற ஜென்மமா அது. கையுறைக்குள்ளே, அதுவும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு கையுறைக்குள்ளே, வியர்வையிலும் தேங்காயெண்ணெயிலும் விரல்கள் ஊறிக்கொண்டிருந்தன. "ஏம்மா கோகிலா, இன்னைக்கு வெள்ளிக்கெழமையாச்சே, நகத்துல கை வெக்கலாமா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து பெண்ணின் அம்மா சுலோசனா கேட்டாள். "நகத்த வெட்டறதில்லைங்கம்மா. மேல போட்டிருக்கற ஜெல்லத்தான் தேய்க்கறனுங்க. உள்ள இருக்கற நகம் அப்படியே இருக்குமுங்க" என்றாள் கோகிலா. வெள்ளிக்கிழமைதோறும் இதே கேள்வி, இதே பதில், கேட்பவர்களுக்கும் இதே நிம்மதி. வீட்டுக்குள் நகம் விழுந்தால் தரித்திரம் என்று அவள் அம்மாவும் சொல்வாள். அந்தக் கணக்கில் பார்த்தால் மகாலட்சுமி இந்தக் கடையின் மாடிப்படிகூட ஏறியிருக்க மாட்டாள். முதலாளி பிரமிளா மேடமோ போன மாசம்தான் புதுக் கார் எடுத்தாள்.

டிரில் சுற்றுகிற சத்தத்தை வைத்தே அவளுக்கு ஆழம் தெரிந்துவிடும். மேலே இருக்கிற பளபளப்புப் பூச்சு போகிறவரை கீச்சென்று கேட்கும். ஜெல்லுக்குள் இறங்கியதும் சத்தம் தடித்து மாவு மில் மாதிரி ஆகும். நகத்தை நெருங்க நெருங்கச் சன்னமாகிக்கொண்டே வரும். அங்கே நிறுத்த வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சூடு ஏறும், அதனால் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அழுத்தவும் கூடாது. அப்புறம் டிரில்லை வைத்துவிட்டு மெல்லிய ஃபைலால் கையாலேயே தேய்க்க வேண்டும். எல்லாம் ஆன பிறகும் கடைசியாக ஒரு பூச்சு, வெங்காயத் தோல் கனத்துக்கு, நகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுக்கவே கூடாது. சுத்தமாக எடுக்கிறேன் பேர்வழி என்று அதையும் சுரண்டினால் நகத்தின் சதையும் சேர்ந்து வந்துவிடும், சிவப்பாக வளையம் விழும், அந்த நகம் காகிதமாகிப்போகும். கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் அது பாட்டுக்கு நகத்தோடு வளர்ந்து நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போகும், யாருக்கும் வலிக்காது. எதையும் அப்படித்தான் எடுக்க வேண்டும், கொஞ்சம் மிச்சம் வைத்து. ரெண்டு மாசத்துக்கு முன்னால் கையைக் காட்டின அந்தத் தோல் டாக்டருக்கு இது தெரியவில்லை. ஒரு பூச்சுகூட மிச்சம் வைக்காமல் ஒரே வாக்கில் சுரண்டி எடுத்துவிட்டார். "இது ஜெல்லோட அலர்ஜிம்மா. இந்த வேலைய விட்ருங்க." கொஞ்ச நாள் லீவு போட்டுவிட்டு மறுபடி வந்தால்? மறுபடி தொட்டால் மறுபடி வரும், முன்னைவிட வேகமாக வரும். கிளவுஸ் போட்டால்? மெல்லிய கிளவுஸைத் தாண்டி ஜெல் உள்ளே போய்விடும். வேறு கம்பெனி ஜெல்? எல்லாவற்றிலும் அதே சாமான்தான், பல் அடைக்கிற சிமெண்டில்கூட அதன் சொந்தக்காரன் இருக்கிறான், பல் டாக்டரிடம் போனால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "பழகிராதுங்களா டாக்டர்?" டாக்டர் சிரித்தார். கெட்டவர் இல்லை, உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "பழகினதுனாலதாம்மா வந்திருக்கு."

பழகினதுனாலதாம்மா. பஸ்ஸில் வரும்போதும் அது, சோறு வடிக்கும்போதும் அது. மோதிர விரலைவிட்டு நடுவிரலுக்குத் தாவினாள். எதற்குத் தாவினோம் என்று அவளுக்கே ஒரு நொடி புரியவில்லை, பிறகு புரிந்தது, அந்த விரலைப் பார்த்ததும் மனசு வேண்டாமென்று சொல்லியிருக்கிறது, சம்யுக்தாவின் இடது மோதிர விரலில் ஜெல்லே இல்லை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நடுவிரல். சத்தம் தடிக்கிறது. பெருவிரல் இப்போது எரிகிறது, அரிப்பு கொஞ்சம் தணிந்தால் எரிச்சல், எரிச்சல் தணிந்தால் அரிப்பு, இரண்டும் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு வேலை பார்க்கின்றன, இவளுக்குத்தான் ஷிஃப்ட் மாறுவதில்லை. ஆரம்பத்தில் உள்ளங்கை ஓரம் லேசாக அரித்தபோது பக்கத்து மேஜை பெனிட்டா கேலி செய்தாள். "கோகிக்கா, உள்ளங்கை அரிச்சா பணம் வருமாம், எனக்கும் கொஞ்சம் குடுங்க." இருவரும் சிரித்தார்கள். நாலு நாள் பணத்துக்குக் காத்திருந்தாள்கூட, வெட்கக்கேடு. வந்தது கொப்புளம். அப்புறம் தோல் உரிந்தது, விரல்நுனி வெடித்தது, புளி கரைத்தால் உயிர் போனது. அன்றிலிருந்து கையுறை போட ஆரம்பித்தாள், கேட்டவர்களிடம் சுத்தம் என்றாள். கையுறை போட்டிருக்க வேண்டிய காலத்தில் போட்டாளா? பிரமிளா மேடம் பெட்டி பெட்டியாக வாங்கித்தான் வைத்திருந்தாள். இவளுக்குத்தான் திமிர். கையுறை போட்டால் நகத்தின் கனம் கைக்குத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வெறுங்கையால் வேலை பார்த்தாள். அதோடு போனாளா, தூரிகையில் ஜெல் அதிகமாக ஒட்டிக்கொண்டால் துணியில் துடைக்காமல் இடது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு வழி வழித்து நுனியைக் கூராக்கிக்கொள்வாள். வாடிக்கையாளர் விரலில் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் ஒரு சொட்டு பட்டுவிடக் கூடாது என்று அத்தனை ஜாக்கிரதை. பட்டால் அலர்ஜி வரும் என்று அவளுக்குத் தெரியும். அவர்களுக்கு வரும் என்று தெரியும். தனக்கும் தோல் என்று ஒன்று இருக்கிறது என்பது எட்டு வருசமாக ஞாபகத்துக்கு வரவில்லை, இதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் சிரிக்க மாட்டார்களா.

"என்னக்கா, சூடா இருக்கு" என்று சம்யுக்தா விரலை இழுத்தாள். "ஐயோ, மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க." ஒரே இடத்தில் நின்றுவிட்டாள். இவள், கோகிலவாணி, டிரில்லை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டாள். நல்லவேளை நகம் தப்பித்தது. சுலோசனா எட்டிப் பார்த்தாள். "பாத்தும்மா. உன்னோட கைராசிக்குன்னே அன்னூர்ல இருந்து கூட்டிட்டு வந்திருக்கறேன்." கைராசி! அது தெய்வம் கொடுத்ததல்ல, பிரமிளா மேடம் கட்டிவிட்டது. இவள் நகம் போட்ட ஒரு பெண் கல்யாணம் முடிந்த கையோடு கனடா போய்விட்டாள். இன்னொருத்திக்கு இரட்டைப் பிள்ளை. கனடாக்காரியின் விசாவுக்கும் இவள் தூரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டார்களா? "எங்க கோகிலா கைராசிக்காரிங்க" என்று மேடம் கல்லாவிலிருந்து ஒரு வார்த்தை விடுவாள், அவ்வளவுதான், கல்யாண சீசனில் பெனிட்டா ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள், இவள் மேஜைக்கு வரிசை நிற்கும். கைராசிக்காரிக்குக் கழுத்தில் தாலி இருந்தாக வேண்டும், அதையும் மேடமே சொல்லிவிட்டாள், "அது பாட்டுக்குக் கெடக்கட்டும் கோகிலா, கழட்டிக்கிழட்டி வெச்சராத." கிடக்கிறது. கட்டியவன் நல்லசிவம் உடுமலைப் பக்கம் கோழிப்பண்ணையில் இருக்கிறான், தாலி இங்கே இருக்கிறது, அதன்மேல் நாள் முழுக்க அடுத்தவர்களின் நகத்தூள் விழுந்துகொண்டிருக்கிறது.

கோழிப்பண்ணை வீட்டில் வாசற்படி தாண்டியதும் அந்த நாற்றம் வந்து முகத்தில் அப்பிய முதல் நாள். அம்மாவிடம் போனில் சொல்லி அழுதாள். அம்மா சொன்னாள், "பழகிரும் கண்ணு." நல்லசிவம் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வையக்கூட இல்லை, பேசவில்லை, அவ்வளவுதான். சோறு வேண்டுமென்றால் அவன் அம்மாவிடம் சொல்வான், அந்தம்மா இவளிடம் சொல்லும். ஒரே அறையில் இருக்கும்போது டிவியிடம் சொல்வான். அதைச் சொன்னபோதும் அம்மா, "பழகிரும் கண்ணு. ஆம்பளைங்க அப்படித்தான், பழகிரும்." பழகத்தான் செய்தது. அதுதான் பயங்கரம். மூன்றாவது வருசம் ஒரு நாள் அண்ணன் பார்க்க வந்தான், வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "எப்படி நீ இந்த நாத்தத்துல சோறு திங்கற?" என்றான். எந்த நாற்றம் என்று இவள் கேட்டாள். கேட்ட பிறகு இழுத்து இழுத்து மூச்சு வாங்கிப் பார்த்தாள், ஒன்றுமே வரவில்லை. மூக்கு செத்துப்போயிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் காதும் போகும், அப்புறம் அவன் பேசாததும் கேட்காது என்று நினைத்தாள். பழகாததால் அவள் அந்த வீட்டை விட்டு வரவில்லை. பழகிவிட்டதால் வந்தாள். இதை அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா, அண்ணிக்குத்தான் முடியுமா. முதல் நாள் இந்தக் கடையில் நகப்பூச்சைக் கரைக்கிற அசிட்டோன் வாடை தலையைப் பிளந்தபோது பிரமிளா மேடமும் அதையேதான் சொன்னாள், "பழகிரும்." இந்த நாட்டில் பெண் பிள்ளை பிறந்ததும் காதில் ஊதுகிற மந்திரமே அதுதான் போலிருக்கிறது. அசிட்டோன் பழகியது. நாள் முழுக்கக் குனிந்து கழுத்து போனது, அது பழகியது. தனியாகச் சாப்பிடுவது பழகியது. எல்லாவற்றுக்கும் தலையாட்டின உடம்பில் தோல் மட்டும், இந்த விரல்நுனித் தோல் மட்டும், போதும் போ என்று சொல்லிவிட்டது. சொன்னதுதான் சொன்னது, பண்ணை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாதா? அவள் ஆசைப்பட்ட ஒரே இடத்தில் வந்தா சொல்ல வேண்டும்?

கடைசியாக அந்த மோதிர விரல். ஜெல்லைக் காணோம், பிய்த்து எடுத்திருக்கிறது, பல்லால். நகத்தின்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில் நின்றது, நடுவில் ரோஸ் நிறமாகப் பள்ளம், தொட்டால் வலிக்கிற பள்ளம். "கடிச்சீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். சம்யுக்தா அம்மாவைப் பார்த்தாள். சுலோசனா போனில் யாருக்கோ பூ மாலைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ராத்திரில தெரியாம கடிச்சுடறனுங்கக்கா" என்றாள் பெண், குரலை இறக்கி. "அவரு பேசவே மாட்டேங்கறாருக்கா. நான் போன் பண்ணா ம்ங்கறாரு. வெச்சறட்டுமான்னா அதுக்கும் ம். கேட்டா, கூச்ச சுபாவம்ங்கறாங்க." கோகிலாவின் கை நின்றது. ம். அவளுக்கு அந்த ம் தெரியும். அதன் நீளம் தெரியும், அகலம் தெரியும், மூன்று வருசம் அதற்குச் சோறு போட்டிருக்கிறாள். சொல்லலாமா? என்ன சொல்வது? கூச்சமாகவும் இருக்கலாம். எல்லா ம்மும் ஒரே ம்மா? இது ஊரான் வீட்டுக் கல்யாணம், நகம் போட வந்த இடத்தில் நகத்தைப் போட்டோமா அனுப்பினோமா என்று இருக்க வேண்டும். அதற்குள் போனை வைத்துவிட்ட சுலோசனாவின் காதில் கடைசி வார்த்தை விழுந்துவிட்டது. "மறுபடியும் அதே பாட்டா? கல்யாணமானா எல்லாம் பழகிரும் கண்ணு. இவங்கப்பா என்கிட்டப் பேசறதுக்கே ஆறு மாசமாச்சு கோகிலா, இப்ப வாய மூட மாட்டேங்கறாரு. எல்லாம் பழகிரும், ஏங் கோகிலா?" கேள்வி இவளிடம் வந்து நின்றது. "நகத்தப் பல்லால பிச்சா மேல்தோலும் சேர்ந்து வந்துருமுங்க" என்றாள் கோகிலா. "இனிமே அப்படிப் பண்ணாதீங்க. எடுக்கணும்னு தோணுச்சுன்னா எங்கிட்ட வாங்க, நோவாம எடுத்தர்லாம்." சொன்ன பிறகு, என்ன சொன்னோம், எதைப் பற்றிச் சொன்னோம் என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

போடுகிற வேலை ஆரம்பித்தது. முதலில் நகத்தைத் துடைத்து, எண்ணெய்ப் பசை போக ஒரு தண்ணி தடவி, மெல்லிசாக அடிப் பூச்சு. விளக்குப் பெட்டிக்குள் கையை விடச் சொன்னாள், ஊதா வெளிச்சம் எரிந்து தானாக அணைந்தது. அப்புறம் தூரிகையில் தேன் மாதிரி ஒரு சொட்டு பில்டர் ஜெல்லை எடுத்து நகத்தின் நடுவில் வைத்து, தோலைத் தொடாமல் ஒரு மயிரிழை விட்டு, மெல்ல நகர்த்தினாள். இந்த இடம் வந்தால் அவளுக்கு மூச்சே சீராகிவிடும். எட்டு வருசத்தில் இந்த ஒரு இடத்தில்தான் அவள் யாருடைய மருமகளும் இல்லை, யாருக்கும் பாரமும் இல்லை. ஜெல் தானாகப் பரவி நடுவில் லேசாக மேடு கட்டும், கண்ணாடி வளைந்த மாதிரி, அந்த மேட்டில் மேலேயிருக்கிற குழல்விளக்கு ஒரு நேர்கோடாக விழும். கோடு கோணாமல் விழுந்தால் நகம் சரியாக வந்திருக்கிறது. கோடு நேராக விழுந்தது. ஒவ்வொரு விரலிலும் விழுந்தது. இதை விட்டுவிட்டு எங்கே போவது? தையலா? ஊசி பிடிக்க விரல்நுனி வேண்டும். பேக்கரியா, சட்னியரைக்கிற மெஸ்ஸா, வெடித்த கையை உப்பில் விட முடியுமா? துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவளாக எடுத்துக்கொள்வார்களா, நாற்பதை நெருங்குகிறவளை? அண்ணன் வீட்டில் ஹாலில் சோபாவுக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்க இடம் இருக்கும். அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டாள், சொல்லாமலே பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் சொல்லுவாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, பழகிரும் கண்ணு என்பாள். ஐயோ, அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். தூரிகையில் ஜெல் கொஞ்சம் அதிகம். இடது கை தானாக எழுந்தது, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகச் சேர்ந்தன, வழித்துவிட்டாள். வழித்த பிறகுதான் பார்த்தாள். கையுறைமேல் அந்தப் பிசின் மினுமினுத்தது. டாக்டர் சொன்னார், உள்ளே போய்விடும். இப்போது போய்க்கொண்டிருக்கிறது. கை கேட்கவில்லையே, எனக்குத் தெரிந்தும் என் கை கேட்கவில்லையே என்று தோன்றியதும் அழுகை நெஞ்சுவரை வந்தது, விழுங்கினாள், விழுங்குவதும் பழகியதுதான். கையுறைக்குள் பெருவிரல் நகம் இப்போதெல்லாம் சதையைவிட்டு எழும்பி நிற்கிறது, பாதி நகம் வெள்ளை, உள்ளே காற்று. குளிக்கும்போது தலைமயிர் ஒன்று அதில் மாட்டினால் கண்ணில் பொறி பறக்கும். ஊருக்கெல்லாம் நகம் கட்டுகிறவளுக்குச் சொந்த நகம் நிற்கவில்லை. ஒருவேளை கோடையோடு சரியாகிவிடுமோ, ஒருவேளை டாக்டருக்குத் தப்பாகப் பட்டிருக்குமோ, வேறு டாக்டரைப் பார்த்தால், கள்ளிமடையில் யாரோ நாட்டு மருந்து தருகிறார்களாம், ஒருவேளை. இந்த ஒருவேளையைத்தான் அவள் ரெண்டு மாசமாகச் சுரண்டாமல் வைத்திருந்தாள்.

ஒன்பது விரல் முடிந்தது. பிய்ந்துபோன மோதிர விரலைக் கடைசிக்கு வைத்திருந்தாள், அதற்கு அடிப் பூச்சை இன்னும் பதமாகப் போட வேண்டும். தூரிகையை எடுத்தபோது சுலோசனா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "அம்மிணி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. மத்த வெரலு எப்படியோ போச்சு. இது மோதரம் போடற வெரலு. இதுக்கு மட்டும் அந்தக் கிளவுஸக் கழட்டிட்டு உன்ற கையாலயே தொட்டுப் போட்டுட்றியா? கைராசின்னா கை படணுமில்ல. ரப்பர்ல என்ன ராசி இருக்குது?" கோகிலாவுக்குக் காதுக்குள் டிரில் சுற்றுகிற மாதிரி இருந்தது, டிரில்லை எப்போதோ அணைத்தாகிவிட்டது. "இல்லீங்கம்மா, சுத்தத்துக்காகத்தானுங்க. கழட்டக் கூடாதுங்க." "என்ன பெரிய சுத்தம், போன தடவ எங்க நாத்தனா மகளுக்கு வெறுங்கையிலதான போட்டுவிட்ட? அவதான் இப்ப மாசமா இருக்கறா." கல்லாவிலிருந்து பிரமிளா மேடம் தலையைத் தூக்கினாள். மேடத்துக்கு எதுவும் தெரியாது. கோகிலாவுக்குக் கையில் ஏதோ சின்னப் புண் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு வெரல்தான கோகிலா, ஆசப்படறாங்க இல்ல" என்றாள், சிரித்துக்கொண்டே, ஆனால் கண் சிரிக்கவில்லை. மாட்டேன் என்று சொல்லலாம். மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் ஒரு பொய் வேண்டும், எத்தனையோ பொய் இந்த வாயில் வந்திருக்கிறது, இன்றைக்குப் பார்த்து ஒன்றுகூட வரவில்லை. கழற்றிவிட்டால் என்ன? டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார், அவள்தான் இன்னும் தன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எவ்வளவு நாள் மறைக்கிறது, அரிக்கிறது, எரிகிறது, ஒரு நிமிசம் காற்றாவது படட்டும். கடைசியில் அவளைக் கழற்றவைத்தது துணிச்சலும் இல்லை நேர்மையும் இல்லை, அந்த அரிப்புதான். மேல் கையுறையை உருவினாள். உள் கையுறை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பொறுமையாக, ஓரத்திலிருந்து, இழுக்காமல், ஜெல்லை எடுக்கிற மாதிரியே எடுத்தாள். அப்படியும் கூடவே கொஞ்சம் தோல் வந்தது.

விரல்நுனிகள் சிவந்து, வெடித்து, வெடிப்புக்குள் மஞ்சளாக நீர் கோத்து, பெருவிரல் நகம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, குழல்விளக்கு வெளிச்சத்தில் அத்தனையும் தெரிந்தது. கோகிலாவே அவற்றை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததில்லை, குளியலறையின் மங்கல் பல்பில்தான் பார்த்திருக்கிறாள். சுலோசனா மகளின் கையை மெத்தையிலிருந்து வெடுக்கென்று இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இதென்னம்மா இது! இந்தக் கையோடயா இவ்வளவு நேரம்? ஒட்டுவாரொட்டியா? நிச்சயத்துக்கு நிக்கற புள்ள!" என்று அவள் குரல் உயர்ந்தது. "ஒட்டாதுங்கம்மா. இது யாருக்கும் ஒட்டாதுங்க. எனக்கு மட்டுந்தானுங்க." அந்தம்மா கேட்கவில்லை, முந்தானையால் மகளின் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள், இப்போதுதான் போட்ட ஒன்பது நகங்களையும், கைராசி ஒட்டியிருந்தால் அதுவும் போகட்டும் என்பது போல. பிரமிளா மேடம் எழுந்து வந்தாள். கோகிலாவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், வாடிக்கையாளரைப் பார்த்தாள். ஒன்றும் திட்டவில்லை. "பெனிட்டா, அந்த ஒரு வெரல நீ வந்து முடிச்சுரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ உள்ள போ கோகிலா. அப்பறமா பேசிக்கலாம்." அப்பறமா பேசிக்கலாம் என்பதற்கு என்ன அர்த்தமென்று எட்டு வருசம் இங்கே வேலை பார்த்தவளுக்குத் தெரியும். இதற்கு முன்னால் அதைக் கேட்டவர்கள் யாரும் அப்புறம் இந்தக் கடையில் பேசியதில்லை.

எழுந்தாள். கால் மரத்திருந்தது. சம்யுக்தா மட்டும் இன்னும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருவருப்பு இல்லை, பயமாகத்தான் பார்த்தாள், தனக்கு வரப்போகிற ஏதோ ஒன்றை முன்னாலேயே காட்டிவிட்ட மாதிரி. "ரொம்ப வலிக்குதாக்கா?" என்று கேட்டாள். பழகிருச்சுங்க. வாய் அதைத்தான் சொல்ல வந்தது, நாக்கு நுனியில் தயாராக நின்றது, பதினொரு வருசமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்த பதில். சொன்னால் அந்தப் பெண்ணுக்கும் ஆறுதலாக இருக்கும். சுலோசனாவும் அதையே எதிர்பார்த்த மாதிரி, "விடு கண்ணு, அவிங்களுக்கெல்லாம் பழகிருக்கும்" என்றாள். "இல்லீங்க" என்றாள் கோகிலா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை, ஆனால் வந்துவிட்டது. பெண்ணைப் பார்த்தே சொன்னாள். "பழகாதுங்க. இது பழகவே பழகாது. எல்லாரும் பழகிரும் பழகிரும்னுதான் சொல்லுவாங்க. நம்பிராதீங்க." சுலோசனா சீறினாள், நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் என்ன பேச்சு இது என்று பிரமிளா மேடத்திடம் முறையிட்டாள், மேடம் மன்னிப்புக் கேட்டாள், பெனிட்டா புதுக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கோகிலா உள்ளே போய் குழாய்த் தண்ணீரில் கையை நீட்டினாள். எரிந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெனிட்டா சொல்வது கேட்டது, கைய நீட்டுங்க மேடம், ஒரு வெரல்தான், சீக்கிரம் முடிஞ்சிரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது, கொஞ்சம் நீட்டுங்க மேடம். அப்புறம் சுலோசனாவின் குரல், கெஞ்சலாகவும் அதட்டலாகவும், நீட்டு கண்ணு, நேரமாகுதில்ல, நீட்டு. கோகிலா குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள். அந்தப் பெண்ணிடமிருந்து ம் என்றுகூட ஒரு சத்தம் வரவில்லை.